ஸ்டீயரிங் மாத்தின கதை

எங்க வீட்டு மாருதி 800-க்கு ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங் போடணும்ங்கிறது எனக்கு எட்டு வயசுல வந்த ஆசை. இருபத்தேழு வயசுல நிறைவேறிச்சு. நிறைவேறி சரியா நாலு வாரம்தான் நிலைச்சுது. அந்த நாலு வாரக் கதையைத்தான் சொல்லப் போறேன். மெக்கானிக் வேலை தெரிஞ்சவங்க நடுவுல சிரிச்சா கோவிச்சுக்க மாட்டேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2005-ல அப்பா அந்தக் காரை வாங்கினார். வெள்ளைக் கலர், ஏ.சி. கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது (மாருதி 800-ல அது எப்பவுமே கிடையாது). எங்க தெருவுல அதுவரைக்கும் எல்லா வீட்டு வாசல்லயும் ஸ்கூட்டர்தான். அதே 2005-லதான் நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் டீம்ல ஃபார்முலா ஒன் ஓட்ட ஆரம்பிச்சார். அமெரிக்க ரேஸ்ல நாலாவதா வந்தார். மொத்தமே ஆறு கார்தான் ஓடிச்சுங்கிறதை எல்லாம் எட்டு வயசுப் பையன்கிட்ட யார் சொல்லப் போறா? இன்னொரு விஷயத்தை மட்டும் யாரோ சொல்லிட்டாங்க. நரேன் முதல்ல ஓட்டின ஃபார்முலா மாருதி ரேஸ் காருக்குள்ள இருந்தது மாருதி 800 இன்ஜினாம். கோயமுத்தூர்க்காரர் கரிவரதன் நம்ம ஊர்லயே கட்டின கார் அது. அவ்வளவுதான், என் மூளைக்குள்ள கணக்கு முடிஞ்சு போச்சு. இன்ஜின் ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கு. பாக்கி ஸ்டீயரிங் மட்டும்தான்.

அன்னிலேர்ந்து அப்பாவை அரிச்சுக்கிட்டே இருந்தேன். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொல்வார். "நீ சம்பாதிச்சு போட்டுக்கடா."

அப்பா நெய்வேலி சுரங்கத்துல ஃபிட்டர். பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்னு ஒரு ராட்சச மெஷின் இருக்கு. பெரிய ராட்டினம் மாதிரி ஒரு சக்கரம், அதைச் சுத்தி மண்ணை வழிச்சு அள்ளுற வாளிகள். பெரிய மெஷினுக்கு ஒரு வாளியோட கொள்ளளவு மட்டும் 1400 லிட்டர். அந்தச் சக்கரத்தைக் கழட்டி மாட்டுற கூட்டத்துல ஒருத்தரா வாழ்நாள் பூரா இருந்த மனுஷன்கிட்ட போய், 350 மில்லிமீட்டர் ஸ்டீயரிங்கை வச்சுக்கிட்டு "அப்பா, வீல் மாத்தப் போறேன்"னு சொன்னவன் நான்.

இப்போ நான் சென்னையில பொட்டி தட்டுறேன். ஆணி அதிகம்தான், ஆனா சம்பளம் வருது. "சம்பாதிச்சு போட்டுக்க"ன்னு சொன்னதை மறக்கவும் இல்லை. 2025 பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின சனிக்கிழமை நேரா ஜி.பி. ரோடு போனேன். சென்னையில கார் அலங்காரச் சாமான் வாங்கணும்னா அங்கதானே போகணும். ஒரு கடையில நடுவுல மோமோன்னு எழுதின கறுப்பு வீல், சிவப்பு நூல் தையல். வீல் 2,200 ரூபாய். நம்ம கார் தண்டுக்கும் இந்த வீலுக்கும் நடுவுல மாட்டுற பாஸ் கிட் 800 ரூபாய். மோமோங்கிறது 1964-ல மொரெட்டிங்கிற ரேஸ்காரர் இத்தாலியில ஆரம்பிச்ச கம்பெனி. அந்த வருஷம் ஃபெராரியில உலக சாம்பியன் ஆன ஜான் சர்டீஸ் கையில இருந்தது அவங்க வீல்தான். அந்த மோமோ 2,200 ரூபாய்க்குக் கிடைக்குமான்னு நான் யோசிக்கலை. யோசிச்சா வாங்க முடியாதே.

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மதியம் வேலையை ஆரம்பிச்சேன். குவார்ட்டர்ஸ் பின்பக்கம் பலா மரத்தடியில அப்பாவே போட்ட ஷீட் கொட்டகைதான் ஒர்க்‌ஷாப். அப்பா ஒரு முக்காலியில உக்காந்துக்கிட்டார். தலையிட மாட்டேன், கேட்டா சொல்றேன்னு ஒப்பந்தம்.

ரெண்டு நிமிஷத்துல ஒப்பந்தம் முறிஞ்சுது.

"பேட்டரி நெகட்டிவ் கழட்டினியா?"

கழட்டலை. போய்க் கழட்டினேன். முன் சக்கரம் ரெண்டும் நேரா இருக்கான்னு பார்த்துக்கிட்டு, நடுவுல இருக்கிற ஹாரன் மூடியை நெம்பி எடுத்தேன். உள்ள ஒரே ஒரு பெரிய நட். 17-ஆம் நம்பர் பாக்ஸ் ஸ்பானர் கச்சிதமா உக்காந்துச்சு. ஒரு மிதி மிதிச்சேன், லூஸ் ஆயிடுச்சு. சந்தோஷத்துல மடமடன்னு கழட்டப் போனேன்.

"டேய் நில்லு. நட்டை முழுசா எடுக்காத. நாலு மரை விட்டு வை."

ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. தண்டுல நீளவாக்குல பல் பல்லா வெட்டியிருப்பாங்க. ஸ்டீயரிங் அதுல இருபது வருஷமா இறுகி உக்காந்திருக்கு. ரெண்டு கையாலயும் ஆட்டி ஆட்டி இழுக்கும்போது திடீர்னு பிடுங்கிக்கிட்டு வரும். நட் இல்லேன்னா நேரா மூக்குல வந்து மோதும். நட் இருந்தா அதுல முட்டி நின்னுடும். எனக்கும் அப்படித்தான் "டப்"னு வந்து நட்ல நின்னுச்சு. இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் பார்த்த யூட்யூப் வீடியோ எல்லாத்தையும் குப்பையில போடலாம். சுத்தியலை எடுத்துத் தண்டுல தட்டலாமான்னு கேட்டதுக்கு ஒரு முறை முறைச்சார் பாருங்க... மரை நசுங்கிட்டா அப்புறம் நட் ஏறாதாம், வரலேன்னா புல்லர் வச்சுத்தான் இழுக்கணுமாம்.

வீலை எடுக்குறதுக்கு முன்னாடி தங்கச்சியோட நெயில் பாலிஷ்ல தண்டுலயும் வீலோட நடுவுலயும் ஒரே கோடா ஒரு அடையாளம் வைக்கச் சொன்னார். வச்சேன். அப்புறம் வீலை எடுத்துட்டு, தண்டுல இருந்த பழைய கிரீஸை தின்னர் நனைச்ச துணியால துடைச்சுப் பளபளன்னு ஆக்கினேன். நெயில் பாலிஷ் எங்க போச்சுன்னு கேக்குறீங்களா? அதான் பளபளன்னு ஆக்கினேன்னு சொன்னேனே. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் சொல்லலை.

இந்த வேலை முழுக்க அப்பா ஸ்பானர் எடுத்துக் குடுத்தது, டார்ச் பிடிச்சது எல்லாமே இடது கையால. நான் அதைப் பார்த்தேன். ஆனா கவனிக்கலை. பின் சுவத்துல வரிசையா சாக்பீஸ் கோடு, பக்கத்துல தேதி. அதையும் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பசங்க உயரம் அளந்து விளையாடியிருப்பாங்கன்னு நினைச்சேன்.

பாஸ் கிட்டை மாட்டி, ஆறு போல்ட் போட்டு, புது வீலை முறுக்கியாச்சு. ஹாரனுக்கு ஒரே ஒரு ஒயர்தான். அதை பட்டன்ல சொருகிட்டு பேட்டரியை மாட்டினேன்.

"பாஆஆஆஆஆம்...!"

ஹாரன் நிக்கவே இல்லை. நெய்வேலி டவுன்ஷிப்ல மதியம் மூணு மணி எப்படி இருக்கும்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியும். அகலமான ரோடு, ரெண்டு பக்கமும் மரம், மயில் கத்துறதைத் தவிர ஒரு சத்தம் இருக்காது. ஷிப்ட் பார்க்குற ஊருங்க, எந்த நேரமும் யாராவது ஒருத்தர் தூங்கிக்கிட்டு இருப்பாங்க. நைட் ஷிப்ட் முடிச்சுப் படுத்திருந்த எதிர் வீட்டு அங்கிள் லுங்கியோட ஓடி வந்தார். அவர் கேட்டதை இங்க எழுத முடியாது.

விஷயம் சின்னதுதான். அந்தக் கால ஹாரன் பட்டன் கரன்ட்டை அனுப்புறது இல்லை, ஒயரை பாடியோட சேர்த்து எர்த் பண்ணுது. என் ஒயர் நுனி பாஸ் கிட் இரும்புல உரசிக்கிட்டு இருந்தது. அதனால யாரும் அமுக்காமலே அமுக்கின மாதிரி. இன்சுலேஷன் டேப் சுத்தினேன், அமைதியாச்சு. அங்கிளுக்குப் பொங்கல் குடுத்து அனுப்பினோம்.

ஒரு ரவுண்டு போனேன். அடடா! பழைய வீல் தடிமன் இல்லாம குச்சி மாதிரி இருக்கும், இது கைக்கு அடக்கமா, கெட்டியா. ஆர்ச் கேட் வரைக்கும் போயிட்டு, வழியில எந்த ரவுண்டானாவையும் ஒரு சுத்தோட விடலை. மனசுக்குள்ள நரேன்.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். ஏர்பேக் இருக்கிற கார்ல இதைத் தயவுசெய்து வீட்டுல செய்யாதீங்க. இந்தியாவுல 2019 ஜூலைலேர்ந்து விக்கிற எல்லா கார்லயும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அது இருக்கிறது ஸ்டீயரிங் நடுவுலதான். அது பலூன் மட்டும் இல்லை, உள்ள வெடிமருந்து மாதிரி ஒரு சமாச்சாரம் இருக்கு. கண்ணிமைக்கிறதுக்குள்ள ஊதிடும். உங்க மூஞ்சி பக்கத்துல இருக்கும்போது ஊதினா என்ன ஆகும்னு நானே சொல்லணுமா? வெற்றிகரமா கழட்டிட்டாலும், அழகுக்காக உயிர்காக்கிற ஒரு பொருளை எடுத்து அலமாரியில வைக்கிறீங்கன்னு அர்த்தம். அது தவிர மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு வேற இருக்கு. ஆர்.சி-யில் இருக்கிற விவரம் கம்பெனி செஞ்சு குடுத்ததுலேர்ந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கு. ஆர்.சி-யில ஸ்டீயரிங் வீல்னு ஒரு கட்டம் இல்லைதான். ஆனா எங்க காருக்கு 15 வருஷம் 2020-லயே முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சிருந்தோம். 2025-ல மறுபடியும் வண்டியை இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டணும். சிவப்பு நூல் தையலைப் பார்த்து அவர் என்ன கேப்பாரோங்கிற பயம் எனக்கு உள்ளுக்குள்ள இருந்துச்சு.

ஆனா வீல் நாலு வாரத்துல இறங்கினதுக்குக் காரணம் அது இல்லை.

பொங்கல் முடிஞ்சு சென்னை வந்துட்டேன். போன்ல அப்பாகிட்ட கேப்பேன், "வண்டி எப்படிப்பா இருக்கு?" "ஜம்முனு இருக்குடா." அம்மாகிட்ட கேட்டா, "அவரு எங்க வண்டி எடுக்குறாரு, பஜாருக்குக்கூட சைக்கிள்லதான் போறாரு. உடம்புக்கு நல்லதாம்." சரி, ரிட்டயர் ஆகப் போற வயசுல உடற்பயிற்சி நல்லதுதானேன்னு விட்டுட்டேன்.

பிப்ரவரி 11 தைப்பூசம். வருஷா வருஷம் வடலூர் போறது எங்க வீட்டு வழக்கம். ஞான சபையில ஜோதி தரிசனம் பார்த்துட்டு, தரும சாலையில சாப்பிட்டுட்டு வருவோம். ஒரு நாள் லீவு போட்டுட்டு நானும் வந்துட்டேன். விடியக் காலையிலயே கிளம்பினோம். அப்பாதான் ஓட்டினார். அந்த வண்டியில அவர் இருக்கும்போது வேற யாரும் டிரைவர் சீட்ல உக்காந்தது கிடையாது. வழியில ரெண்டு இடத்துல திரும்பினதுக்கப்புறமும் இண்டிகேட்டர் அடிச்சுக்கிட்டே இருந்தது. திருப்பம் முடிஞ்சதும் அதைத் தானா ஆஃப் பண்ற சின்ன முனை பழைய வீலோட அடியில இருக்கும். என் பாஸ் கிட்ல அது இல்லை. இண்டிகேட்டர் விஷயத்துல அவ்வளவு கறாரான மனுஷன், கையால அதை ஆஃப் பண்ணிக்கிட்டார். எதுவும் சொல்லலை.

வடலூர்ல ஒரு காலி மனையில வண்டியை விடச் சொன்னாங்க. ரெண்டு வேனுக்கு நடுவுல ரிவர்ஸ்ல ஏத்தணும். அப்பா ரெண்டு தடவை முயற்சி பண்ணினார். மூணாவது தடவை பாதி ஒடிச்சவர் அப்படியே நிறுத்திட்டார். கண்ணாடியில முகம் பார்த்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தார்.

"நீ போட்டுடு" அப்படின்னு இறங்கிட்டார்.

அவர் அந்த சீட்டை எனக்குக் குடுத்தது அதுதான் முதல் தடவை. நான் போட்டேன். எனக்கே ரெண்டு கையும் வேண்டியிருந்தது.

தரும சாலை வரிசையில நிக்கும்போது அம்மா சொன்னாங்க. ஆறு மாசமா அப்பாவுக்கு வலது தோள் தூக்க முடியலையாம். ஃப்ரோசன் ஷோல்டர். சுகர் இருக்கிறவங்களுக்கு அதிகமா வருமாம், சரியாக ஒண்ணு ரெண்டு வருஷம்கூட ஆகுமாம். சுவத்துல விரலால ஏணி மாதிரி ஏறுற பயிற்சி ஒண்ணு சொல்லியிருக்காங்க. அந்த சாக்பீஸ் கோடெல்லாம் அதுதான். விரல் எது வரைக்கும் ஏறிச்சோ அங்க ஒரு கோடு, பக்கத்துல தேதி. ஃபிட்டர் இல்லையா, அளக்காம இருக்க மாட்டார்.

"பின்ன ஏன்மா நான் வீல் மாத்தும்போது ஒரு வார்த்தை சொல்லலை?"

"நானும் அதைத்தான் கேட்டேன். புள்ள எட்டு வயசுலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கான், காசு சேர்த்து வாங்கிட்டு வந்திருக்கான்னாரு. நீ ஊருக்குப் போனப்புறம் பழகிடும்னாரு."

இங்கதான் நான் ஒரு இன்ஜினியர்ங்கிறதை ஒத்துக்கணும். இந்தக் கணக்கு எனக்கு முன்னாடியே தெரியும். கார் சக்கரத்தைத் திருப்ப வேண்டிய முறுக்கு விசை மாறாது. அது, நம்ம கை குடுக்கிற விசையையும் வீலோட ஆரத்தையும் பெருக்கினது. ஆரம் குறைஞ்சா கை விசை ஏறணும். பழைய வீலை டேப் வச்சு அளந்தேன், 380 மி.மீ. புதுசு 350. வகுத்துப் பார்த்தா கைக்கு 8.6 சதவீதம் கூடுதல் வேலை. ஜி.பி. ரோடு கடை வாசல்ல நின்னு போன்ல போட்ட கணக்கு இது. "வெறும் ஒம்பது பர்சன்ட் தானே"ன்னு சிரிச்சுக்கிட்டே காசு குடுத்தேன். பழைய அம்பாசிடர் வீலும் பஸ் வீலும் ஏன் அவ்வளவு பெருசுன்னு பரீட்சையில கேட்டிருந்தா முழு மார்க் வாங்கியிருப்பேன். ஓடுற கார்ல அந்த ஒம்பது தெரியவே தெரியாது. நின்ன இடத்துல டயரைத் தரையோட தேய்ச்சுக்கிட்டு ஒடிக்கும்போதுதான் மொத்த பாரமும் கைக்கு வரும். கியர் போடுறது இடது கை. அப்போ ஸ்டீயரிங்கைத் தனியாப் பிடிச்சுத் திருப்ப வேண்டியது வலது கை. ஏற்கெனவே அதால முடியலை. நான் அது மேல ஒம்பது சதவீதம் ஏத்தி வச்சுட்டு, நரேன் நினைப்புல ரவுண்டானா சுத்திட்டுப் போயிட்டேன்.

இன்னொண்ணும் இருக்கு. அந்த ஜூன்ல அப்பா ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். வடலூர் பக்கம் எப்பவோ வாங்கிப் போட்ட மனையில வீடு முடியிற நிலைமை. பூச்சு வேலை பார்க்க, ஜன்னல் கதவு எடுக்க, அம்மாவை டவுன்ஷிப்ல இருக்கிற சிநேகிதிகளைப் பார்க்கக் கூட்டிட்டு வர, எல்லாத்துக்கும் அந்த 800-தான். வாழ்நாள் பூரா வாசல்லயே பஸ் வந்து ஏத்திக்கிட்டுப் போன ஷிப்ட் வாழ்க்கை முடியப் போற நேரத்துல, மனுஷன் கையில மிச்சம் இருந்த வண்டியை நான் அவருக்கு ஓட்ட முடியாததா ஆக்கி வச்சிருந்தேன். அவர் சைக்கிள்ல போனது உடற்பயிற்சிக்கு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பரண்ல ஏறினேன். பழைய வீலை அப்பா தினத்தந்தி பேப்பர் சுத்தி, சணல் கட்டி வச்சிருந்தார். பிரிச்சதும் முதல்ல தெரிஞ்சது வலது பக்கம் கடிகாரத்துல ரெண்டு மணி இருக்கிற இடம். இருபது வருஷ உள்ளங்கை தேய்ச்சு, அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தது.

அப்பா முக்காலியில வந்து உக்காந்தார். "எதுக்குடா இப்போ?" ன்னார்.

"இண்டிகேட்டர் ஆஃப் ஆக மாட்டேங்குதுப்பா. ரினியூவல் அப்போ பிரச்சினை ஆகும்."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "ஆமா, அது ஒரு தொந்தரவுதான்" அப்படின்னார்.

தோள் பத்தி ரெண்டு பேரும் பேசலை. இந்தத் தடவை பேட்டரியை முதல்லயே கழட்டினேன். நாலு மரை விட்டேன். மோமோவை எடுத்தப்போ பார்த்தா, போல்ட் போட்ட இடத்துல தகடு லேசா வளைஞ்சு, பெயின்ட்ல விரல் நகம் நீளத்துக்கு ஒரு கீறல். நாலே வாரத்துல! அப்பா அதை வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பார்த்துட்டு, "இது தகரம்டா" அப்படின்னார். ஒரு விபத்துல நெஞ்சு போய் மோதுற பொருளை விலை பார்த்து வாங்கினவன் என்ன பதில் சொல்றது?

பழைய வீலைச் சொருகும்போதுதான் நெயில் பாலிஷ் ஞாபகம் வந்துச்சு. வீல்ல அடையாளம் இருக்கு, தண்டுல இல்லை. தின்னர் புண்ணியம். கண் மதிப்புல வச்சு நட்டை முறுக்கினேன். ஓட்டிப் பார்த்தா ஒரு பல் தள்ளி உக்காந்திருக்கு. கார் நேராப் போகுது, வீல் லேசா இடது பக்கம் சாஞ்சு நிக்குது.

"திரும்பக் கழட்டுறேம்ப்பா."

"விடுடா. கார் நேராத்தான போகுது. நகரு."

நகர்ந்தேன். டிரைவர் சீட்ல உக்காந்தார். பஜார் வரைக்கும் போயிட்டு வந்தார். வாசல்ல திரும்பும்போது இண்டிகேட்டர் "டிக்"குனு தானா நின்னுச்சு.

ஜூன்ல குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு வடலூர் வந்தாச்சு. ரினியூவலும் முடிஞ்சுது. வீல் சாஞ்சிருக்கிறதை இன்ஸ்பெக்டர் கேக்கத்தான் கேட்டார், அப்பா ஷெட்லயே கழட்டிச் சரி பண்ணிக் காட்டிட்டாராம், எனக்குப் போன்ல சொல்லி ஒரு சிரிப்பு வேற. புது வீட்டுச் சுவத்துல சாக்பீஸ் கோடு போடக்கூடாதுன்னு அம்மா கண்டிஷன். அதனால காலண்டர் ஆணிக்குப் பக்கத்துல ஒரு ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி வச்சிருக்கார். போன வாரம் விரல் அதோட மேல் நுனியைத் தொட்டுடுச்சாம்.

அந்த மோமோ சென்னையில என் ரூம் சுவத்துல தொங்குது. ரூம்மேட் அதுல துண்டு காயப் போடுறான்.